272 கால் நாற்காலி

பிரதமரைப் பற்றி அரசியல் சாசனம் சொல்வது சில வரிகள்தான். அந்தப் பதவியின் பலத்தையும் பலவீனத்தையும் தீர்மானித்தது லோக் சபாவின் கணக்கு.

1975 ஜூன் 26, காலை ஆறு மணி. தில்லியில் மத்திய அமைச்சர்கள் அவசர அவசரமாக வரவழைக்கப்பட்டிருந்தார்கள். யோசனை கேட்பதற்காக அல்ல. நடந்து முடிந்ததைச் சொல்வதற்காக. முந்தைய இரவே பிரதமர் இந்திரா காந்தியின் பரிந்துரையை ஏற்று, நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டுவிட்டார். எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் கைதாகியிருந்தார்கள். அமைச்சர்களுக்கு மிச்சமிருந்த வேலை, தலையசைப்பது.

1999 ஏப்ரல் 17. அதே நகரம், அதே பதவி. அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் பெற்ற பிறகு பிரதமர் வாஜ்பாய் லோக் சபாவில் நம்பிக்கை வாக்கு கோரினார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. பதின்மூன்று மாத அரசு ஒற்றை ஓட்டில் விழுந்தது.

இரண்டு நாட்களுக்கும் இடையே 24 ஆண்டுகள். ஒருவரால் சக அமைச்சர்களைக்கூடக் கலந்து பேசாமல் நாட்டின் அடிப்படை உரிமைகளை முடக்க முடிந்தது. இன்னொருவரை ஒரே ஒரு எம்.பி.யின் வாக்கு வீட்டுக்கு அனுப்பியது. இருவருக்கும் பதவி தந்தது ஒரே சாசனம்தான். அந்தப் பதவியைத் தாங்கி நின்ற எண்ணிக்கைதான் வேறு.

சாசனத்தின் சிக்கனம்

1950 ஜனவரி 26-ல் இந்தியா குடியரசானபோது பிரதமர் பதவி புதிதல்ல. 1947 ஆகஸ்ட் 15 முதலே நேரு அதில் இருந்தார். மாறியது அவருக்கு மேலே இருந்த பெயர்தான். பிரிட்டிஷ் மன்னரின் பெயரால் நடந்துவந்த அரசு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதியின் பெயரால் நடக்கத் தொடங்கியது.

சாசனத்தின் 53-வது ஷரத்து மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்தை ஜனாதிபதியிடம் ஒப்படைக்கிறது. அவருக்கு உதவவும் ஆலோசனை கூறவும் பிரதமர் தலைமையில் ஓர் அமைச்சரவை இருக்கும் என்கிறது 74. பிரதமரை ஜனாதிபதி நியமிப்பார், மற்ற அமைச்சர்களைப் பிரதமரின் ஆலோசனைப்படி நியமிப்பார் என்கிறது 75. அரசின் முடிவுகளை ஜனாதிபதிக்குத் தெரிவிப்பது பிரதமரின் கடமை என்கிறது 78. ஏறத்தாழ அவ்வளவுதான். யாரைப் பிரதமராக அழைக்க வேண்டும், தொங்கு சபை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் இந்த ஷரத்துகளில் விளக்கம் கிடையாது. 'பெரும்பான்மை' என்ற சொல்கூட இல்லை.

இருப்பது 75-வது ஷரத்தின் ஓர் உட்பிரிவு: அமைச்சரவை லோக் சபாவுக்குக் கூட்டாகப் பொறுப்பானது. பிரதமர் பதவியின் உயிர்நாடி இந்த ஒரு வரியில் இருக்கிறது. சபை விரும்பும்வரை பதவி, இல்லையென்றால் ராஜினாமா. இன்றைய 543 இடங்களில் 272 பேர் கை கொடுத்தால்தான் நாற்காலி நிற்கும்.

இதைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தார்கள். அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா போன்ற சிலர் அமெரிக்க பாணி ஜனாதிபதி ஆட்சியை வற்புறுத்தினார்கள். வரைவுச் சாசனத்தை 1948 நவம்பர் 4-ல் சபை முன் வைத்துப் பேசிய அம்பேத்கர், ஒரு ஜனநாயக நிர்வாகத்துக்கு ஸ்திரத்தன்மையும் வேண்டும், பொறுப்பும் வேண்டும் என்றார். இரண்டையும் ஒரே அளவில் தரும் முறை இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அமெரிக்க முறையில் ஸ்திரம் அதிகம், பொறுப்பு குறைவு. பார்லிமெண்ட் முறையில் பொறுப்பு அதிகம், ஸ்திரம் குறைவு. இந்தியா இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது என்பது அவர் தந்த விளக்கம். அமைச்சரவைக்கு இரண்டு சோதனைகள் இருக்கும். ஒன்று, கேள்விகள், தீர்மானங்கள், விவாதங்கள் மூலம் எம்.பி.க்கள் தினம் தினம் நடத்தும் சோதனை. மற்றது, தேர்தலில் மக்கள் நடத்தும் சோதனை.

அதற்குப் பிறகு வந்த பிரதமர்களின் கதையை இந்த இரண்டு சோதனைகளின் கதையாகவே படிக்கலாம்.

சொந்தக் கட்சியின் கேள்விகள்

நேருவுக்கு லோக் சபாவில் எண்ணிக்கைக் கவலை இருந்ததே இல்லை. முதல் மூன்று பொதுத் தேர்தல்களிலும் காங்கிரஸுக்குப் பெரும் மெஜாரிட்டி. ஆனால் தினசரிச் சோதனை அவருடைய காலத்தில்தான் கூர்மையாக இருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், அது பெரும்பாலும் ஆளும் கட்சி வரிசைகளிலிருந்தே வந்தது.

1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் முடக்கப்பட்டதை லோக் சபாவில் அம்பலப்படுத்தியவர் ஃபெரோஸ் காந்தி. அவர் காங்கிரஸ் எம்.பி.; பிரதமரின் மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா ஆணையத்தின் விசாரணைக்குப் பின், 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1962-ல் சீனப் போரில் ஏற்பட்ட பின்னடைவின்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைக் காப்பாற்ற நேரு முயன்றார். முடியவில்லை. காங்கிரஸ் எம்.பி.க்களின் கோபத்துக்கு முன்னால் மேனன் போக வேண்டியிருந்தது.

மறு ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் பார்லிமெண்டின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தார். ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோற்கப்போவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு பிரதமர் தன் கொள்கைகள் அனைத்துக்கும் சபையில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிவந்தது. ஜெயிப்பதற்காக அன்றி, பதில் வாங்குவதற்காக ஒரு தீர்மானம் என்ற மரபு அன்று தொடங்கியது.

நேரு 1964 மே 27-ல் மறைந்ததும், சாசனம் பதில் சொல்லாத கேள்வி எழுந்தது: அடுத்தவரை யார் தேர்ந்தெடுப்பது? பதில் காங்கிரஸ் தலைவர் காமராஜரிடமிருந்து வந்தது. எம்.பி.க்கள், முதலமைச்சர்கள், கட்சித் தலைவர்கள் என்று பலரையும் கலந்து கருத்தொற்றுமை கண்டு லால் பகதூர் சாஸ்திரியை முன்னிறுத்தினார். 1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தபோது மொரார்ஜி தேசாய் போட்டியிலிருந்து விலக மறுத்தார். காங்கிரஸ் எம்.பி.க்கள் ரகசிய வாக்களித்தார்கள். இந்திரா காந்திக்கு 355; மொரார்ஜிக்கு 169. இரண்டு முறையும் இடைக்காலத்தில் பொறுப்பை வகித்தவர் குல்சாரிலால் நந்தா.

பிரதமரை ஆளும் கட்சி எம்.பி.க்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அவர்களால் அவரை இறக்கவும் முடியும் என்றுதான் பொருள். கட்சியின் பெருந்தலைகள் அப்படித்தான் நினைத்தார்கள். 1969-ல் அந்தக் கணக்கு பொய்த்தது. கட்சியிலிருந்து நீக்கப்பட்ட இந்திரா, கட்சியைப் பிளந்துகொண்டு தி.மு.க., இந்திய கம்யூனிஸ்ட் கட்சி ஆகியவற்றின் ஆதரவுடன் மைனாரிட்டி அரசை நடத்தினார். 1971 தேர்தலில் 352 இடங்களோடு திரும்பினார். அன்றிலிருந்து எம்.பி.க்கள் பிரதமரைத் தேர்ந்தெடுத்த காலம் போய், பிரதமரின் பெயரால் எம்.பி.க்கள் ஜெயிக்கும் காலம் வந்தது. மக்களின் சோதனையில் அபாரமாகத் தேறியவரை எம்.பி.க்கள் தினமும் சோதிக்கத் துணியவில்லை. நான்கே ஆண்டுகளில் அந்த ஜூன் மாத விடியல் வந்தது.

எமர்ஜென்சியின் பாடம் சாசனத்திலேயே பதிந்திருக்கிறது. 1978-ல் நிறைவேறிய 44-வது திருத்தத்தின்படி, காபினெட்டின் முடிவு எழுத்து மூலம் வந்தால்தான் ஜனாதிபதி நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யலாம். 'காபினெட்' என்ற சொல் சாசனத்துக்குள் முதன்முறையாக நுழைந்ததே அப்போதுதான். அமைச்சர்களைப் பிரதமர் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை எழுதிவைக்க, குடியரசுக்கு 28 ஆண்டுகளும் ஒரு எமர்ஜென்சியும் தேவைப்பட்டன.

எண்களின் காலம்

கூட்டணிப் பிரதமர்களின் நெருக்கடிகளை முதலில் அனுபவித்தவர் மொரார்ஜி. 1979 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்ததும் ஜனதா கட்சி கரையத் தொடங்கியது. வாக்கெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த சரண் சிங், ஆதரவளித்த இந்திரா காங்கிரஸ் பின்வாங்கியதால், சபையின் நம்பிக்கையைக் கோராமலே ஆகஸ்ட் 20-ல் பதவி விலகினார். பார்லிமெண்டைச் சந்திக்காத பிரதமர் என்ற பெயர் அவரோடு நிற்கிறது.

உண்மையான எண் விளையாட்டு 1989-ல் ஆரம்பித்தது. அந்த ஆண்டு முதல் 1999 வரை ஐந்து லோக் சபா தேர்தல்கள், ஆறு பிரதமர்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றுப் பதவியிழந்த மூன்று பிரதமர்களும் இந்தப் பத்தாண்டுக்காரர்களே. 1990 நவம்பர் 7-ல் வி.பி. சிங்குக்குக் கிடைத்தது 142 வாக்கு, எதிர்ப்பு 346. 1997 ஏப்ரல் 11-ல் தேவ கௌடாவுக்கு 158, எதிர்ப்பு 292. மூன்றாமவர் வாஜ்பாய். அதற்கு முன் 1996 மே மாதம் பதின்மூன்று நாள் பிரதமராக இருந்தபோது, எண்ணிக்கை இல்லை என்று தெரிந்து வாக்கெடுப்புக்கு முன்பே அவர் ராஜினாமாவை அறிவித்திருந்தார்.

இந்த அஸ்திரத்தின் அதிர்வுகளைத் தமிழ்நாடு நேரடியாக உணர்ந்தது. ஜனதா தளத்திலிருந்து பிரிந்த அறுபது பேர் அளவிலான எம்.பி.க்களோடு, காங்கிரஸின் வெளி ஆதரவில் பிரதமரானவர் சந்திரசேகர். அவருடைய அரசு 1991 ஜனவரி 30-ல் மாநிலத்தின் தி.மு.க. அரசைக் கலைத்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் அது நடந்தது. தன் நாற்காலிக்கு உத்தரவாதம் இல்லாத பிரதமர், ஒரு மாநிலத்தின் மெஜாரிட்டி அரசை நீக்க முடிந்தது. ஐந்தே வாரங்களில், மார்ச் 6-ல், காங்கிரஸோடு ஏற்பட்ட மோதலில் அவரே ராஜினாமா செய்தார். 1997 நவம்பரில் இந்தர் குமார் குஜ்ரால் பதவி விலகியதற்குக் காரணம், தி.மு.க. அமைச்சர்களை நீக்க வேண்டும் என்று காங்கிரஸ் பிடித்த பிடி. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் வாஜ்பாய் அரசை வீழ்த்தியது அ.தி.மு.க.வின் வாபஸ் கடிதம்.

ஆனால் பலவீனமான பிரதமர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. மண்டல் கமிஷன் பரிந்துரையை அமல்படுத்தப்போவதாக 1990 ஆகஸ்டில் அறிவித்த வி.பி. சிங்குக்குச் சொந்த மெஜாரிட்டி கிடையாது. 1991-ல் பொருளாதாரத்தின் கதவுகளைத் திறந்த நரசிம்ம ராவும் மைனாரிட்டி பிரதமராகவே தொடங்கினார். பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் சாசன அந்தஸ்து தந்த 73, 74-வது திருத்தங்களும் அவருடைய காலத்தவையே. 1998 பொக்ரான் அணு சோதனைக்கு உத்தரவிட்டது ஒரு கூட்டணி அரசு. 400-க்கு மேற்பட்ட எம்.பி.க்களுடன் வந்த ராஜீவ் காந்தியின் ஐந்தாண்டுகளோடு இந்தப் பட்டியலை ஒப்பிட்டால், முடிவெடுக்கும் துணிவுக்கும் எம்.பி.க்களின் எண்ணிக்கைக்கும் நேரான உறவு இல்லை என்பது புரியும்.

எண்ணிக்கைப் பற்றாக்குறைக்கு இன்னொரு விலையும் இருந்தது. 1993 ஜூலை 28-ல் ராவ் அரசு 265-251 என்ற கணக்கில் தப்பியது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்களுக்குப் பணம் கைமாறியதாக வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட ராவ், 2002-ல் தில்லி உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். பணம் வாங்கிக்கொண்டு சபையில் ஓட்டளித்த எம்.பி. மீது வழக்குத் தொடர முடியாது என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் அளித்த தீர்ப்பு கால் நூற்றாண்டு நீடித்தது. 2024 மார்ச் 4-ல்தான் ஏழு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை ரத்து செய்தது.

மாளிகையில் ஒரு நடுவர்

கணக்கு தெளிவாக இருக்கும்போது ஜனாதிபதியின் வேலை சம்பிரதாயம். குழம்பும்போது அவரே நடுவர். 1989-ல் ஆர். வெங்கட்ராமன், அதிக இடங்கள் பெற்ற கட்சி என்ற முறையில் முதலில் காங்கிரஸை அழைத்தார். ராஜீவ் மறுத்த பிறகே வி.பி. சிங். 1996-ல் சங்கர் தயாள் சர்மாவும் தனிப்பெரும் கட்சியைத்தான் அழைத்தார். அந்த அரசு பதின்மூன்று நாளில் போனது. அடுத்து வந்த கே.ஆர். நாராயணன் 1998-ல் ஆதரவுக் கடிதங்களைப் பார்த்த பிறகே வாஜ்பாயை அழைத்தார்.

ஆனால் பிரதமர் இல்லாமல் ஜனாதிபதி ஆள முடியுமா? முடியாது. லோக் சபா கலைக்கப்பட்டிருந்தாலும் அமைச்சரவை ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று 1971-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால்தான் ஒற்றை ஓட்டில் தோற்ற வாஜ்பாய் காபந்துப் பிரதமராகத் தொடர்ந்தார். கார்கில் போரை நடத்தியது அந்த அரசே. அமைச்சரவையின் ஆலோசனை ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் என்பதை 1976-ல் 42-வது திருத்தம் வெளிப்படையாக எழுதியது. மறுபரிசீலனைக்காக ஒரு முறை திருப்பி அனுப்பலாம் என்ற சலுகையை 44-வது திருத்தம் சேர்த்தது. மெஜாரிட்டியின் உச்சத்தில் இருந்த ராஜீவ் அரசு நிறைவேற்றிய தபால் அலுவலகத் திருத்த மசோதாவில் ஜெயில் சிங் கையெழுத்திடவே இல்லை. மக்களின் கடிதங்களை அரசு பிரித்துப் பார்க்க வகை செய்யும் மசோதா என்று விமர்சிக்கப்பட்ட அது, சட்டமாகவில்லை.

கொறடாவின் கையில்

கட்சித் தாவலுக்கு முடிவுகட்ட 1985-ல் ராஜீவ் கொண்டுவந்தது 52-வது திருத்தம். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டளித்தால் எம்.பி. பதவி பறிபோகலாம். மூன்றில் ஒரு பங்கு எம்.பி.க்கள் பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த ஓட்டையையும் 2003-ல் 91-வது திருத்தம் அடைத்தது. அமைச்சர் பதவிகளை அள்ளிக் கொடுத்து ஆள் சேர்ப்பதைத் தடுக்க, அமைச்சர்களின் எண்ணிக்கை லோக் சபா பலத்தில் 15 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பையும் அதே திருத்தம் விதித்தது.

நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. 2008 ஜூலை 22-ல் அணுசக்தி ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் நம்பிக்கை வாக்கு கோரிய நாளில், தங்களுக்கு லஞ்சமாகத் தரப்பட்டது என்று சொல்லி எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சபையிலேயே நோட்டுக் கட்டுகளைக் காட்டினார்கள். அரசு 275-256 என்று ஜெயித்தது. சட்டம் வந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை அது.

ஆனால் மருந்துக்குப் பக்க விளைவு உண்டு. அரசின் உயிர் தொடர்பான வாக்கெடுப்புக்கு மட்டுமன்றி, சாதாரண மசோதாவுக்கும் கொறடா உத்தரவு போடலாம். சட்டம் எம்.பி.யின் கேள்வியைத் தடுக்கவில்லை; ஓட்டைத்தான் கட்டுகிறது. ஆனால் ஓட்டு கட்டப்பட்ட பிறகு கேள்விக்கு என்ன எடை? அமைச்சரை வீழ்த்திய ஃபெரோஸ் காந்தியைப் போன்ற ஆளும் கட்சி எம்.பி.க்கள் அரிதாகிப் போனதற்கு இந்தச் சட்டம் மட்டும் காரணம் இல்லை. அதற்கு முன்பே டிக்கெட் கொடுக்கும் அதிகாரம் கட்சித் தலைமையிடம் குவிந்துவிட்டது. சட்டம் அந்த அதிகாரத்துக்கு ஒரு சாட்டையையும் கொடுத்தது.

இதன் விளைவை எண்களே காட்டுகின்றன. 1999-க்குப் பிறகு நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்று எந்தப் பிரதமரும் போகவில்லை. 2004, 2014 ஆட்சி மாற்றங்கள் இரண்டும் தேர்தலில் நடந்தவை. 30 ஆண்டுகளுக்குப் பிறகு தனிக் கட்சி மெஜாரிட்டியை, 282 இடங்களோடு, 2014-ல் பி.ஜே.பி.க்குப் பெற்றுத் தந்த நரேந்திர மோடி, 2018, 2023 ஆகிய இரு நம்பிக்கையில்லாத் தீர்மானங்களையும் எளிதாகக் கடந்தார். 2023-ல் தீர்மானத்தின் நோக்கம் மணிப்பூர் கலவரம் பற்றிப் பிரதமரைச் சபையில் பேச வைப்பது என்று எதிர்க்கட்சிகளே சொன்னார்கள். கிருபளானி காலத்து மரபு. ஆனால் ஒரு பதிலுக்காக இவ்வளவு பெரிய ஆயுதத்தை எடுக்க வேண்டியிருந்தது என்பது தினசரிச் சோதனையின் நிலையைச் சொல்கிறது. 2024 தேர்தலில் பி.ஜே.பி.க்கு 240 இடங்களே கிடைக்க, மோடி மூன்றாவது முறை பிரதமரானபோது தெலுங்கு தேசம், ஐக்கிய ஜனதா தளம் போன்ற கட்சிகளின் ஆதரவு தேவைப்பட்டது. கூட்டணிக் கணக்கு திரும்பி வந்தது.

மாற்று யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. தினேஷ் கோஸ்வாமி கமிட்டி 1990-லேயே சொன்னது: நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றில் கட்சியை மீறினால் மட்டும் பதவி பறிக்கலாம், மற்றவற்றில் எம்.பி.யை விட்டுவிடலாம். சாசனச் செயல்பாட்டை ஆராய்ந்த நீதிபதி வெங்கடாசலையா ஆணையம் 2002-ல் இன்னொரு வழி காட்டியது: ஒரு பிரதமரை இறக்க விரும்புபவர்கள் அடுத்தவர் யார் என்பதையும் தீர்மானத்திலேயே சொல்ல வேண்டும். ஜெர்மனியில் இந்த முறை உண்டு. முதல் யோசனை பொறுப்பைக் கூட்டும். இரண்டாவது ஸ்திரத்தைக் கூட்டும். இரண்டும் அறிக்கைகளாகவே தங்கிவிட்டன. ஆட்சியில் இருக்கும் கட்சிக்குக் கொறடாவின் சாட்டையைக் கீழே வைக்க மனம் வருவதில்லை. எதிர்க்கட்சிக்கோ, தன் எம்.பி.க்கள் விலைபோய்விடுவார்களோ என்ற பயம்.

மக்கள் நடத்தும் சோதனையில் இந்தியா தேறியிருக்கிறது. 1977-ல் இந்திராவையும், 2004-ல் வாஜ்பாயையும், 2014-ல் மன்மோகன் சிங் அரசையும் மாற்றிக் காட்டிய வாக்காளரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வாக்காளர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வருவார். இடைப்பட்ட நாட்களில் பிரதமரிடம் ஏன், எதற்கு என்று கேட்க அவர் அனுப்பிவைத்த 543 பேர் இருக்கிறார்கள். ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த 543-ல் சேர்த்திதான்.